மொட்டை மாடியில் சோலார்... கரன்ட் போனால் லைட் எரியுமா?

அரசு அலுவலகத்தின் மொட்டை மாடியில் வரிசை வரிசையாகச் சோலார் பேனல்கள். பகல் பன்னிரண்டு மணி, வெயில் கொளுத்துகிறது. கரன்ட் போய்விடுகிறது. உள்ளே ஃபேன் நிற்கிறது, கம்ப்யூட்டர் அணைகிறது, சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவர்கள் கையிலிருக்கும் மனுவையே விசிறியாக்கிக்கொள்கிறார்கள். தலைக்கு மேல் அத்தனை பேனல் இருந்தும் ஏன் ஒரு விளக்குகூட எரியவில்லை?

பேனலில் கோளாறு எதுவும் இல்லை. மின்வாரியக் கம்பியோடு நேரடியாக இணைத்த சோலார் என்றால், கம்பியில் மின்சாரம் நின்ற ஓரிரு விநாடிகளில் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிட வேண்டும். அதுதான் விதி. பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் லைன்மேன், லைனில் சப்ளை இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டடத்துப் பேனலிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் வந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. விதி நியாயமானதுதான். கரன்ட் இல்லாத நேரத்திலும் சோலார் வேலை செய்ய வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். மின்வாரியக் கம்பியிலிருந்து கட்டடத்தைத் துண்டித்துத் தனியே ஓட்டுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும்.

எஸ்டிமேட் போடும் நாளிலேயே இதைக் கேட்கத் தெரிந்த ஆள் பெரும்பாலான அரசுத் துறைகளில் இல்லை. தலைமை ஆசிரியரும் மருத்துவ அலுவலரும் பேரூராட்சிச் செயல் அலுவலரும் சோலார் படித்தவர்கள் அல்ல, படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. பேனல் விலை சரிந்துவிட்டது, பேட்டரி விலையும் இறங்கிவருகிறது, நமக்கு வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் 2022-க்குள் நாடு முழுக்க 40,000 மெகாவாட் கூரை சோலார் என்று வைத்த இலக்கில், கெடு முடிந்தபோது நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பஞ்சாயத்துக்கும் இன்று இல்லாதது ஒன்றுதான்: கூரையை அளக்கும் நாளில் தொடங்கி, இருபத்தைந்தாம் ஆண்டுப் பராமரிப்பு வரை கூடவே நிற்கும் ஓர் அமைப்பு. அப்படி ஓர் அமைப்பு இருந்த இடங்களில் என்ன நடந்தது, இல்லாத இடங்களில் என்ன ஆனது என்று பார்த்தால் இது விளங்கும்.

நிலக்கரி மாநிலத்தில் சூரியன்

சத்தீஸ்கர் 2000 நவம்பரில் பிறந்த மாநிலம். கோர்பாவின் நிலக்கரியும் அனல் மின் நிலையங்களும் அதன் அடையாளம். வெளி மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புகிற மாநிலம் அது. ஆனால் பஸ்தர் பக்கம் காட்டுக்குள் போகும் மின்கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்த மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. புறநோயாளிகள் வரும் பகல் நேரத்திலேயே மின்வெட்டு. வோல்டேஜ் ஏறி இறங்குவதில் கருவிகள் பழுதாகும். டீசல் ஜெனரேட்டர் வைத்த இடங்களில் டீசலுக்குப் பணம் தேட வேண்டும்.

மாநிலத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையான கிரேடா இதைக் கையில் எடுத்தது. 2012-க்கும் 2016-க்கும் இடையே 570 ஆரம்ப சுகாதார நிலையங்களில் தலா 2 கிலோவாட் சோலாரை பேட்டரியோடு அமைத்தார்கள். பின்னாளில் மாவட்ட மருத்துவமனைகளையும் சேர்த்து எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. 2 கிலோவாட் என்பது ஒன்றும் பிரமாதமான அளவு இல்லை. இன்று நடுத்தரக் குடும்பத்து மொட்டை மாடியிலேயே 3 கிலோவாட் போடுகிறார்கள். ஆனால் பிரசவ அறை விளக்கு, நான்கைந்து ஃபேன், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, பச்சிளங்குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் என்று எதற்குக் கரன்ட் போகவே கூடாதோ, அவற்றுக்கு மட்டும் தனி வயரிங் இழுத்துக் கொடுத்தால் அந்த 2 கிலோவாட்டே பெரிய பலம்.

டெல்லியில் இயங்கும் சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு நிறுவனம் 15 மாவட்டங்களில் 147 ஆரம்ப சுகாதார நிலையங்களை ஆய்வு செய்து 2017-ல் அறிக்கை வெளியிட்டது. சோலார் இருந்த நிலையங்களில், இல்லாத நிலையங்களைவிடப் புறநோயாளிகள் 50 சதவீதத்துக்கும் அதிகம். மாதாந்திரப் பிரசவங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வேறுபாடு முழுவதற்கும் சோலார் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல மருத்துவரும் செவிலியரும் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் தானாக வரும். ஆனால் ராத்திரியில் விளக்கு எரியும் என்ற நிச்சயம் இருந்தால்தான் செவிலியர் அங்கே தங்குவார். செவிலியர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஊரார் அங்கே கொண்டுவருவார்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது.

கிரேடாவிடம் கற்க வேண்டிய பாடம் பேனல் மாட்டியதில் இல்லை. மாட்டிய பின் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. மின்கம்பி எட்டாத காட்டுக் கிராமங்களுக்கு சோலார் கொடுத்த அனுபவத்தில் அவர்கள் ஒரு மூன்றடுக்கு ஏற்பாட்டை உருவாக்கி வைத்திருந்தார்கள். பேனலைத் துடைத்துப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆள். பத்துப் பதினைந்து ஊர்களுக்கு ஒரு டெக்னீஷியன். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, வயர் முனைகளைச் சுத்தம் செய்வது, பழுதைக் குறித்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. இவர்களுக்கு மேல் ஒரு மேற்பார்வையாளர். மருத்துவ அலுவலர் எந்தக் கம்பெனிக்கும் போன் போட்டு அலைய வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். ஒரே முகமை திட்டம் போட்டது, வாங்கியது, மாட்டியது, பார்த்துக்கொண்டது.

அதே வழியை நாடு முழுக்கக் கொண்டுபோகும் முயற்சி இப்போது நடக்கிறது. ஹரிஷ் ஹண்டே 1995-ல் தொடங்கிய செல்கோ, கர்நாடகக் கிராமங்களில் தவணை முறையில் சோலார் விளக்கு கொடுத்துப் பெயர் பெற்றது. அதற்காகவே அவருக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது. அதன் அறக்கட்டளையான செல்கோ பவுண்டேஷன், ஒன்றிய சுகாதார அமைச்சகத்துடனும் ஐக்கியா அறக்கட்டளையுடனும் சேர்ந்து, 12 மாநிலங்களில் 25,000 சுகாதார நிலையங்களுக்கு சோலார் என்ற இலக்கோடு இறங்கியிருக்கிறது. பேனலோடு நிற்காமல், மின்சாரம் குறைவாக இழுக்கும் வார்மரையும் விளக்கையும் ஃபேனையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். கருவி குறைவாக இழுத்தால் பேட்டரியும் சின்னதாகப் போதும், செலவும் இறங்கும். நம் எஸ்டிமேட்டுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பழைய ஃபேனும் பழைய டியூப் லைட்டும் அப்படியே ஓடும். அவற்றுக்குத் தீனி போட மாடியில் பேனல் ஏறும்.

யாருடைய கூரை, யாருடைய பில்?

அரசுக் கட்டடம் ஒன்றில் சோலார் போட வேண்டுமென்று ஓர் அலுவலர் மனதார விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, கூரை யாருடையது? கட்டடத்தைப் பயன்படுத்துவது சுகாதாரத் துறை. பராமரிப்பது பொதுப்பணித் துறை. சில இடங்களில் இடம் வருவாய்த் துறையுடையது, கட்டியது ஊராட்சி ஒன்றியம். மாடியில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும் என்று கட்டடப் பிரிவுப் பொறியாளர் மறுப்பார். அந்தப் பயம் வீண் பயம் அல்ல. சுர்க்கி போட்டுத் தட்டோடு பதித்த பழைய கூரையில் போல்ட் இறக்கினால் அடுத்த ஐப்பசியில் பதிவேடுகள் நனையும். துளையே போடாமல் கான்கிரீட் கட்டைகளின் எடையில் சட்டத்தை நிறுத்தும் முறையும் இருக்கிறது. அந்த எடையைக் கூரை தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் வேண்டும். அவருக்கான கட்டணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டால் கோப்பு மேசை மாறும்.

இரண்டாவது கேள்வி பணம். பேனல் வாங்குவது மூலதனச் செலவு. இ.பி. பில் கட்டுவது நடப்புச் செலவு. இரண்டும் வெவ்வேறு கணக்குத் தலைப்புகள், ஒன்றில் மிச்சமாவதை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. சோலார் வந்து பில் பாதியானால், அடுத்த ஆண்டு அந்த அலுவலகத்தின் மின்கட்டண ஒதுக்கீட்டைத்தான் நிதித்துறை பாதியாக்கும். கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்த தலைமை ஆசிரியருக்கு அதில் ஒரு கரும்பலகைகூட மிஞ்சாது. பல துறைகளில் பில்லை மேலிடமே கட்டிவிடுவதால், தன் கட்டடம் மாதம் எத்தனை யூனிட் இழுக்கிறது என்பதே உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துவது. பொறுப்பு. அலுவலர் மூன்றாண்டில் மாறிவிடுவார், பேனல் இருபத்தைந்து ஆண்டு இருக்கும். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர்கள் இருக்கும். இன்வெர்ட்டர் திரையில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கினால் யாருக்குச் சொல்வது என்ற விவரம் எங்கும் இருக்காது. பழைய சோலார் போட்ட எந்த அரசுக் கட்டடத்திலும் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையைத் திறந்து பாருங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த உப்பு, காய்ந்துபோன டிஸ்டில்டு வாட்டர் கேன், கழற்றிவிட்ட வயர், மூலையில் துடைப்பக்கட்டை. பேனல் அப்போதும் வெயிலில் நல்லபடியாக மின்சாரம் தயாரித்துக்கொண்டிருக்கும், வாங்கிக்கொள்ளத்தான் எதுவும் இருக்காது. சின்ன பேட்டரி சோலார்கள் நாடெங்கும் செத்தது பெரும்பாலும் இந்த அறையில்தான். நாலைந்து ஆண்டில் பேட்டரி மாற்ற வேண்டும் என்று தெரிந்தும், அதற்குப் பணம் ஒதுக்காமல் போட்ட திட்டங்கள் அவை.

ரூ.11-லிருந்து ரூ.1.38-க்கு

கூரை மட்டும் இருந்தால் போதும், பணம் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. ரெஸ்கோ என்பார்கள். தனியார் நிறுவனம் தன் காசில் பேனல் போட்டு, தானே பராமரித்து, தயாராகும் மின்சாரத்தை யூனிட் கணக்கில் அந்தக் கட்டடத்துக்கே விற்கும். ஒப்பந்தம் பொதுவாக 25 ஆண்டுகளுக்கு. மின்சாரம் தயாரானால்தான் நிறுவனத்துக்குப் பணம் என்பதால், பேனலைத் துடைக்கச் சொல்லி யாரும் அதன் பின்னால் நடக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்த ஊர்களில் ஒன்று குஜராத்தின் காந்திநகர். 2010-களின் தொடக்கத்தில், 5 மெகாவாட் கூரை சோலாருக்கு இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பகுதி அரசுக் கட்டடங்கள், மிச்சம் வீடுகள். உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. ஆலோசகராக இருந்து ஒப்பந்தத்தை வடிவமைத்தது. கூரை கொடுத்தவர்களுக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் வாடகை. மின்சார விலை யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல்! அன்றைய பேனல் விலைக்கு அதுதான் கட்டுப்படியானது.

சில ஆண்டுகள் கழித்து, 2018-ல் மத்தியப் பிரதேசம் அரசுக் கட்டடங்களுக்கு ரெஸ்கோ டெண்டர் விட்டது. முதலாண்டு விலையாக யூனிட்டுக்கு 1 ரூபாய் 38 பைசா வரை இறங்கிக் கேட்டார்கள். மின்வாரியத்துக்குக் கட்டுவதில் அது ஒரு சிறு பங்குதான். மானியம் இருந்தது, பேனல் விலையும் வெகுவாக இறங்கியிருந்தது. ஆனால் வேறு மாநிலங்களிலும் அதே பேனல்தான் விற்றது, அங்கெல்லாம் இந்த விலை வரவில்லை.

காரணம், டெண்டருக்கு முன்பே அவர்கள் செய்த வீட்டுப்பாடம். சேர்க்கப்போகும் கட்டடங்களின் கூரைப் படங்கள், நிழல் விழாத பரப்பு, மின் பயன்பாட்டு விவரம் எல்லாவற்றையும் திரட்டி, ஏலம் கேட்பவர்கள் பார்க்கும்படி ஒரே இடத்தில் வைத்தார்கள். கையெழுத்தாகப் போகும் ஒப்பந்தத்தையும் முன்கூட்டியே காட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் தனியே ஏலம் விட்டால் எந்த நல்ல நிறுவனமும் திரும்பிப் பார்க்காது. கட்டடங்களைத் துறைவாரியாகக் கட்டுக்கட்டாகச் சேர்த்தால் போட்டி வரும். கூரை எப்படி இருக்குமோ, மாதாமாதம் பணம் வருமோ வராதோ என்ற பயத்துக்கெல்லாம் நிறுவனங்கள் ஒரு தொகையை விலைக்குள் ஒளித்து வைப்பது வழக்கம். பயத்தைப் போக்கினால் அந்தத் தொகையும் போய்விடும். இந்த வேலையை எந்தத் தலைமை ஆசிரியரும் தனியாகச் செய்ய முடியாது. மாநில அளவில் ஒரு முகமை, நாலு பொறியாளர், ஒரு கணக்காளர், ஒப்பந்தம் எழுதத் தெரிந்த ஒரு வக்கீல் வேண்டும். அவர்களுக்கான சம்பளத்தைச் செலவாகப் பார்க்கிற நிதித்துறை, யூனிட் விலையில் அது எத்தனை மடங்காகத் திரும்புகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்துக்கு 2024 பிப்ரவரி 29 அன்று ஒன்றிய அமைச்சரவை 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒன்றிய அரசின் கட்டடங்கள் அனைத்திலும் 2025-க்குள் சோலார் என்ற அறிவிப்பும் அதோடு வந்தது. ஆனால் அரசுக் கட்டடங்களுக்கு அந்த மானியம் கிடையாது. அந்தந்த அமைச்சகத்துக்குக் கைகொடுக்கப் பொதுத்துறை நிறுவனங்களை ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். மானியத்தைவிட இந்தக் கைகொடுத்தல்தான் உருப்படியான யோசனை. மாவட்டத் தலைநகரங்களிலும் கிராமங்களிலும் இருக்கும் மாநில அரசுக் கட்டடங்களுக்கு அப்படி யாரை ஒதுக்குவது என்பதுதான் இனி வரும் கேள்வி.

பிரசவ அறையின் ஓர் இரவு

பேட்டரி எவ்வளவு வேண்டும் என்பதைப் பலர் பேனல் அளவை வைத்து முடிவு செய்கிறார்கள். இரவை வைத்து முடிவு செய்ய வேண்டும். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மாலை ஆறு மணிக்குக் கரன்ட் போய் காலை ஆறு வரை வரவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிரசவ அறையிலும் வார்டிலுமாக ஆறு எல்.இ.டி. விளக்குகளும் ஆறு ஃபேன்களும் ஓடினால் ஏறக்குறைய 480 வாட். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 6 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. குழந்தை பிறந்ததும் வார்மர் மூன்று மணி நேரம் ஓடினால் இன்னும் 2 யூனிட் அளவுக்கு. தடுப்பூசியை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையே வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கு ஒன்றரை யூனிட் என்று வையுங்கள். ஆக 9 யூனிட்டுக்கு மேல். சளி உறிஞ்சும் கருவி, போன் சார்ஜ் எல்லாம் சில்லறை.

ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 9 யூனிட் எடுக்க 18 யூனிட் கொள்ளளவு வேண்டும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், நாலைந்து ஆண்டில் மாற்றப் பணம் வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதத்துக்கும் மேல் எடுக்கலாம். 12 யூனிட் கொள்ளளவு போதும், தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை, பத்து ஆண்டு எதிர்பார்க்கலாம். 2010-ல் லித்தியம் பேட்டரித் தொகுப்பின் விலை ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கும் மேல் இருந்தது. 2024-ல் உலகச் சராசரி 115 டாலர். இந்த விலைக்குப் பிறகும் சில டெண்டர்களில் பழைய ஈய பேட்டரியே எழுதப்படுகிறதென்றால், பழைய எஸ்டிமேட்டை நகல் எடுத்துத் தேதி மாற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

இனி பேனல். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 5 கிலோவாட் போட்டால் 20 யூனிட், 9 யூனிட் இரவுக்குத் தாராளம். ஆனால் நமக்குக் கரன்ட் நாள்கணக்கில் போவது எப்போது? புயல் மழையில். கார்த்திகை மாத அடைமழையில் அந்த 20 பாதியாகும், சில நாள் அதற்கும் கீழே போகும். ஆகவே மழை நாளை வைத்து அளவு போட வேண்டும். சித்திரை வெயிலை வைத்துப் போட்ட கணக்கு எந்தப் புயலுக்கும் உதவாது. பேட்டரி வைக்கும் அறையும் முக்கியம். 40 டிகிரி வெயிலில் தகிக்கும் தகரக் கொட்டகையில் வைத்தால் எந்த பேட்டரியின் ஆயுளும் சீக்கிரம் கரையும். தரைத்தளத்தில் வைத்தால் வெள்ளம் வரும். காற்றோட்டமான அறை, வெள்ள மட்டத்துக்கு மேலே. இந்த இரண்டையும் வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எல்லாக் கட்டடத்துக்கும் பேட்டரி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பத்து மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டும் அலுவலகத்துக்கு நேரடி இணைப்பு சோலாரே லாபம். கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். போதும். ஊராட்சிக் குடிநீர் மோட்டாருக்கும் பேட்டரி தேவையில்லை. பகல் வெயிலில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால், சேமிக்க வேண்டியது அங்கேயே சேமிக்கப்பட்டுவிடுகிறது. பள்ளிக்கூடம் பகலில் மட்டும் நடப்பது என்பதால் அங்கேயும் வேண்டாம் என்று தோன்றும். கடலோர மாவட்டங்களில் அது தப்புக் கணக்கு. புயல் வந்தால் ஊரே போய்ப் படுப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

நம் மாநிலத்தில்

தமிழ்நாடு இதில் பின்னால் வந்த மாநிலம் இல்லை. எரிசக்தி மேம்பாட்டு முகமையான டெடா 1985-லேயே தொடங்கப்பட்டது. 2011-ல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடுகள் சோலார் விளக்குகளோடு என்று அறிவித்தார்கள். ஜெயலலிதா 2012-ல் வெளியிட்ட சூரிய மின்கொள்கை, மூன்றாண்டில் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்ததோடு, புதிய அரசுக் கட்டடங்களில் கூரை சோலார் கட்டாயம் என்றது. 2019 கொள்கை 9,000 மெகாவாட் என்று வைத்த இலக்கில் 40 சதவீதத்தை நுகர்வோர் கூரைகளுக்கு ஒதுக்கியது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா 2016-ல் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மாநிலத்தின் மொத்த சூரிய மின் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி தரையில்தான், கூரையில் இல்லை. 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளும் 8,000-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்களும் இருக்கும் மாநிலத்தில், கொள்கைப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கொள்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஏறுகிற ஆள்தான் பஞ்சம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்வாரிய ஊழியர்கள் சேற்றிலும் தண்ணீரிலும் இரவு பகல் பாராமல் கம்பம் நட்டார்கள். வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து நின்றார்கள். அப்படியும் டெல்டாவின் உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. தமிழ்நாட்டில் பிரசவங்கள் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. எத்தனையோ செவிலியர்களின் உழைப்பில் வந்த பெருமை அது. புயல் ராத்திரியிலும் அந்தப் பெருமை நிற்க வேண்டுமென்றால், மின்கம்பம் சாய்ந்த பிறகும் எரிகிற விளக்கு வேண்டும். டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். சாலையில் மரம் விழுந்து கிடக்கும் மூன்றாம் நாள் டீசல் எப்படி வரும்?

புயலில் பேனல் பறந்துபோகாதா என்ற கேள்வியும் சரியானதே. சட்டத்தை எந்தக் காற்று வேகத்துக்கு அமைக்க வேண்டும் என்று கடற்கரை மாவட்டங்களுக்கான தரக் குறிப்பு இருக்கிறது. அதன்படி போல்ட் போட்டிருக்கிறதா என்று மாடி ஏறிப் பார்த்துக் கையெழுத்திடும் பொறியாளர் இருக்கிறாரா என்பதுதான் நம் சிக்கல். நெட்வொர்க் கட்டணம், மீட்டர் மாற்ற ஆகும் தாமதம் என்று மின்வாரியத்தோடு தீர்க்க வேண்டியவையும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகப் போய்ப் பேசுவதில் எந்தப் பயனும் இல்லை.

2024-ல் டெடாவையும் மின்வாரியத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பிரிவையும் இணைத்துத் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் உருவானது. காற்றாலையும் சோலார் பூங்காவும் பெரிய வேலைகள், பெரிய முதலீடுகள். அவற்றின் நடுவே துணை சுகாதார நிலையத்தின் 2 கிலோவாட் காணாமல் போய்விடக் கூடாது. அரசுக் கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவும், மாவட்டத்துக்கு ஒரு பொறியாளரும் அங்கே வேண்டும். கூரைகளைக் கணக்கெடுத்து, எந்தக் கட்டடத்துக்கு பேட்டரி, எதற்கு வேண்டாம் என்று பிரித்து, நூறு நூறு கட்டடங்களாக டெண்டர் விட வேண்டும். டெல்லி தன் புதிய சூரியக் கொள்கையில், 500 சதுர மீட்டருக்கு மேல் கூரை உள்ள அரசுக் கட்டடங்கள் மூன்றாண்டில் சோலார் போட்டாக வேண்டும் என்று கெடு வைத்தது. நாம் பரப்பளவை விட்டுவிட்டுத் தேவையில் தொடங்கலாம். கடலோர மாவட்டங்களின் சுகாதார நிலையங்களும் புயல் காப்பகப் பள்ளிகளும் முதலில்.

பத்தாம் ஆண்டுப் பணம்

ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலை குறைவு என்பதற்காக ஐந்தாண்டுப் பராமரிப்போடு நிறுத்திக்கொள்வதை முதலில் கைவிட வேண்டும். பத்தாம் ஆண்டில் பேட்டரி மாற்ற ஆகும் தொகையை முதல் நாளே ஒதுக்கி, மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கை அதே நிலையத்தின் பெயரில் தனிக் கணக்கில் சேர்த்துவர வேண்டும். இன்னொரு பங்கு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ கையில் கிடைக்க வேண்டும். அப்போதுதான் யூனிட்டைப் பார்க்கிற பழக்கம் வரும். பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமை, 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளருடையது. அதையும் டெண்டரில் எழுதினால் மாடிப்படி அறை குப்பையறை ஆகாது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால் பேனலை எங்கே மாற்றுவது, யார் செலவில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கூடவே, பணச் செலவே இல்லாத ஒரு நிபந்தனை. ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், பேட்டரி வைத்த ஒவ்வொரு நிலையத்திலும் ஒப்பந்ததாரரின் டெக்னீஷியன் மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். காலை ஆறு வரை பிரசவ அறையும் குளிர்பெட்டியும் பேட்டரியில் ஓட வேண்டும். பணியிலிருக்கும் செவிலியர் இரண்டு மணிக்கொரு முறை அளவைப் பதிவேட்டில் குறித்து, காலையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத நிலையத்துக்கு அந்தக் காலாண்டுப் பராமரிப்புத் தொகை கிடையாது.